‘தோல்வி’ என்று திரை சொன்னால் மீண்டும் அழுத்தலாமா?

2025 ஏப்ரல் 12 மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. மறுநாள் ஞாயிறு. அதற்கடுத்த நாள் அம்பேத்கர் பிறந்த நாள். நம்மவர்களுக்குச் சித்திரை முதல் நாளும் அதுவே. ஆகவே, தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே உள்ள எங்கள் கிளையின் கதவுகள் மூன்று நாட்கள் மூடியிருந்து, 15ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில்தான் திறந்தன. திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. பணம் போடவோ எடுக்கவோ வந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. அதில் சனிக்கிழமை பிற்பகலில் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்.

அந்தச் சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நாடெங்கும் யுபிஐ பணப்பரிமாற்றம் தடுமாறியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பண்டிகைக்கு முந்தைய கடைசி வார இறுதி. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜத்தை ஒட்டிய பூக்கடைகளில் விஷுக்கான கொன்றைப் பூவும், புத்தாண்டுக்கான மாலைகளும் விற்றுக்கொண்டிருந்த நேரம். ரொக்கம் கொண்டு செல்லும் பழக்கத்தை நாம் ஏறத்தாழ மறந்துவிட்ட காலத்தில் இப்படி ஒரு பிற்பகல்.

வரிசையில் நின்ற மூவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலாமவர் தாராவியில் இட்லி அவித்து விற்பவர். மும்பையின் தெருக்களில் காலை வேளையில் சைக்கிளில் வரும் இட்லிப் பாத்திரங்களில் பெரும்பகுதி தாராவியின் சந்துகளிலிருந்துதான் புறப்படுகிறது என்பது நகரவாசிகள் அறிந்ததே. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இந்த அண்ணாச்சி, சனிக்கிழமை உளுந்தும் அரிசியும் எடுத்த மொத்தக் கடையில் 18,500 ரூபாய் செலுத்த முயன்றிருக்கிறார்.

“மூணு தடவ அமுக்குனேன் சார். மொத தடவ ‘செயல்பாட்டில் உள்ளது’ன்னு நின்னுச்சு. ரெண்டாவது தடவ தோல்வின்னு வந்துச்சு. மூணாவதுதான் பச்சை டிக்கு. சாயங்காலம் பாத்தா மொத தடவ போட்டதும் போயிருக்கு” என்றார்.

ஆக, 37,000 ரூபாய் போய்விட்டது. அன்றாடம் மாவரைத்து அன்றாடம் விற்பவருக்கு இது ஒரு வாரத்துச் சரக்குக்கான பணம்.

இரண்டாமவர் மாட்டுங்காவில் பூ விற்கும் அம்மாள். வாங்கியவர்களின் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. இவருடைய கடையின் ஒலிப்பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. மூன்றாமவர் செம்பூர் செட்டா நகரில் வசிக்கும் ஓய்வூதியர். ஒரே ஒரு முறை செலுத்த முயன்றார், தொகை பற்றானது, பெறுபவருக்குச் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமையே அது தானாகத் திரும்பி வந்துவிட்டது. “வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள இருப்புத் தொகையை நாற்பது முறையாவது பார்த்திருப்பேன்” என்று சிரித்தபடி ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன அந்த நாற்பது முறை இக்கட்டுரைக்கு முக்கியமானது, பிறகு வருவோம்.

மூவருக்கும் நேர்ந்தது மூன்று விதம். காரணம், ‘மீண்டும் முயல்’ என்ற ஒரே செயல் மூன்று இடங்களில் மூன்று விதமாக நடந்ததுதான். அந்த முடிவை எடுப்பவர் நீங்கள் மட்டுமல்ல. உங்கள் கண்ணுக்குத் தெரியாத கணினிகளும் எடுக்கின்றன.

வணிகவியல் படித்த எங்களுக்கு ‘ப்ராக்ஸி’ என்றதும் நினைவுக்கு வருவது நிறுவனத்தின் பொதுக்கூட்டத்தில் பங்குதாரருக்குப் பதிலாக வந்து வாக்களிக்கும் ஆள். கணினித் துறையிலும் பொருள் ஏறக்குறைய அதுவே. வங்கியின் உண்மையான கணக்கேடு வைத்திருக்கும் சர்வருடன் உங்கள் கைப்பேசி நேரடியாகப் பேசுவதில்லை. நடுவே ப்ராக்ஸி சர்வர் ஒன்று நிற்கிறது. உங்கள் கோரிக்கையை வாங்கி, உள்ளே இருக்கும் நான்கைந்து சர்வர்களில் ஒன்றுக்கு அனுப்பி, பதிலை வாங்கி உங்களிடம் தருகிறது. யுபிஐயில் ஒரு பணப்பரிமாற்றம், செயலி, செயலிக்குத் துணைநிற்கும் வங்கி, என்பிசிஐ எனப்படும் தேசியக் கொடுப்பனவுக் கழகம், உங்கள் வங்கி, பெறுபவரின் வங்கி எனப் பல வாயில்களைக் கடக்கிறது. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்த்ரா குர்லா வளாகம். என்பிசிஐயின் தலைமையகம் அங்கேதான் உள்ளது. ஆனால் அண்ணாச்சியின் 18,500 ரூபாய் அந்த ஆற்றைக் கடப்பதற்குள் எத்தனை வாயில்காப்போரைக் கடந்தாக வேண்டும் என்று பாருங்கள்.

உள்ளிருக்கும் ஒரு சர்வர் பிழை என்று பதில் சொன்னால் ப்ராக்ஸி என்ன செய்ய வேண்டும்? அடுத்த சர்வரிடம் கேட்கலாம். நான்கில் ஒன்று பழுதாகி மற்ற மூன்றும் நலமாயிருக்கும்போது, வாடிக்கையாளருக்குப் பிழையைக் காட்டி அனுப்புவது அறிவுடைமை ஆகாது. ஆகவே மறுமுயற்சி என்ற ஏற்பாடே தவறன்று. எந்தப் பிழைக்கு, எந்த வகைக் கோரிக்கைக்கு, எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்பதை யாரேனும் யோசித்து அமைத்திருக்க வேண்டும் என்பதே விஷயம்.

வங்கிக்காரர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. காசோலை திரும்பி வரும்போது அதனுடன் ஒரு காரணச் சீட்டு வரும். ‘போதிய பணமில்லை’ என்று வந்தால் அதே காசோலையை அப்போதே மீண்டும் அனுப்புவதில் பயனில்லை, வாடிக்கையாளரிடம் தெரிவிக்கிறோம். ஆனால் படிமம் தெளிவாக இல்லை என்பது போல வாடிக்கையாளர் மீது குற்றமில்லாத காரணமென்றால், அவரைத் தொந்தரவு செய்யாமல் 24 மணி நேரத்துக்குள் அடுத்த தீர்வையில் வங்கியே மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. காரணத்தைப் பார்த்துத்தான் மறுமுயற்சி.

இணையத்திலும் காரணச் சீட்டு உண்டு, எண்ணாக வருகிறது. 400 என்ற வரிசையில் தொடங்குபவை கோரிக்கையிலேயே கோளாறு என்பவை. அதே கோரிக்கையை நூறு முறை அனுப்பினாலும் பெரும்பாலும் அதே பதில்தான். 500 என்ற வரிசை சர்வர் பக்கத்துக் கோளாறு. அதிலும் 502 என்றால் உள்ளிருந்து பொருந்தாத பதில் வந்தது. 503 என்றால் இப்போது சேவை தர இயலவில்லை. 504 என்றால் காத்திருந்தும் உரிய நேரத்தில் பதில் வரவில்லை.

இவற்றுள் 504தான் எங்களுக்குக் கவலை தருவது. பதில் வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்பது பொருளன்று. உள்ளே பற்று வைக்கப்பட்டு, அதைச் சொல்ல வந்த பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இந்த நிலையில் ‘இருப்பு எவ்வளவு?’ என்ற கேள்வியை மீண்டும் அனுப்பினால் கேடில்லை. எத்தனை முறை கேட்டாலும் இருப்பு மாறாது. ‘18,500 ரூபாயைக் கழி’ என்ற கட்டளையை மீண்டும் அனுப்பினால்? அதனால்தான் உலகெங்கும் பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி மென்பொருளில், ஒருமுறை உள்ளே அனுப்பப்பட்டுவிட்ட இத்தகைய கட்டளையை அடுத்த சர்வருக்கு மறுபடி அனுப்பாதிருப்பதே இயல்பு அமைப்பு. 2016 மார்ச்சில் வெளியான 1.9.13 பதிப்பிலிருந்து இப்படி. அனுப்பத்தான் வேண்டுமென்றால் பொறியாளர் தனியே எழுதி அனுமதிக்க வேண்டும். அதற்குச் சில நாட்களுக்குப் பின், அதே ஆண்டு ஏப்ரல் 11 அன்று, மும்பையில் யுபிஐ அறிமுகமானது.

மேலும் ஒரு காப்பு உண்டு. ஒவ்வொரு யுபிஐ கட்டளைக்கும் ஒரு தனி அடையாள எண் இருக்கிறது. இயந்திரம் தவறி அதே கட்டளையை இருமுறை அனுப்பினாலும், எண் ஒன்றே என்பதால் வங்கியின் கணக்கேடு இரண்டாவதை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட முடியும்.

அப்படியிருக்க அண்ணாச்சிக்கு இருமுறை போனது எப்படி? அவர் மூன்று முறை அழுத்தினார் அல்லவா? செயலியில் மீண்டும் தொகையிட்டு, மீண்டும் ரகசிய எண்ணிட்டு அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய அடையாள எண் பிறக்கிறது. கணினியின் பார்வையில் அவை ஒரே கடனுக்கான மூன்று முயற்சிகள் அல்ல. மூன்று வெவ்வேறு கொடுப்பனவுகள். ஒருவர் ஒரே கடையில் அடுத்தடுத்து இருமுறை பொருள் வாங்குவது உலக வழக்கம்தானே! எந்தப் பொறியாளரும் இதைத் தடுக்க முடியாது. இயந்திரங்கள் மறுமுயற்சியில் காட்டும் எச்சரிக்கை முழுவதும் நம் விரல் நுனியில் வீணாகிவிடுகிறது.

நிலை கேட்பதில் கேடில்லை என்று மேலே எழுதினோம். கேட்பவர் ஒருவராக இருக்கும்வரை அது உண்மை. 2025 மார்ச்சில் மட்டும் யுபிஐ வழியே நடந்த பரிவர்த்தனைகள் 1,830 கோடிக்கு மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 59 கோடி. ஏப்ரல் 12 தடங்கலுக்கு என்பிசிஐ கண்டறிந்த காரணம், பணம் செலுத்தும் கட்டளைகள் பெருகியது அன்று. ‘அந்தப் பரிவர்த்தனை என்னவாயிற்று?’ என்று நிலை கேட்கும் கோரிக்கைகள் சில வங்கிகளிடமிருந்து வெள்ளமாக வந்ததே காரணம். பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட மீண்டும் மீண்டும் கேள்விகள் வந்திருந்தன. பணமே நகர்த்தாத, தீங்கற்றதாகத் தோன்றும் கேள்விகள் சேர்ந்துதான் பண ஓட்டத்தை அடைத்தன.

இந்தக் கணக்கு எளிது. செயலி ஒரு கோரிக்கையை 3 முறை அனுப்புகிறது என்று கொள்வோம். அதன் பின்னுள்ள ப்ராக்ஸி ஒவ்வொன்றையும் 3 முறை அனுப்புகிறது. அதற்கும் பின்னுள்ள வாயில் மேலும் 3 முறை. ஒருவர் கேட்ட ஒரு கேள்வி கடைசிச் சர்வரை 27 கேள்விகளாகச் சென்றடைகிறது. அந்தச் சர்வர் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருப்பதால்தான் பிழையே வந்தது. திணறுபவனிடம் இருபத்தேழு பேர் ஒரே நேரத்தில் நலம் விசாரித்தால் என்னவாகும்! ஒவ்வொரு அடுக்கையும் அமைத்தவர் தன்னளவில் சரியாகத்தான் அமைத்திருப்பார். மூன்றுமுறை என்பது மிகையான எண்ணும் அல்ல. அடுக்குகளைப் பெருக்கிப் பார்க்கும் வேலைதான் எவருடைய மேசையிலும் இல்லாமல் போகிறது.

மும்பைக்காரர்களுக்கு இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. மழையில் குர்லாவில் தண்டவாளம் மூழ்கி இரண்டு மணி நேரம் கழித்து வரும் முதல் லோக்கல் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் பழுதில்லை, தண்டவாளமும் வடிந்துவிட்டது. ஆயினும் நடைமேடையில் சேர்ந்திருக்கும் கூட்டம் முழுவதும் அந்த ஒரே ரயிலில் ஏற முயல்வதால் கதவை மூட இடமின்றி அதுவும் நிற்கிறது. பிழை நீங்கிய பின்னும் தடங்கல் நீடிப்பது இப்படித்தான்.

இதற்கான மருந்தும் பழையது. 1971இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அலோஹாநெட் என்ற வானொலிக் கணினி வலையமைப்பை இயக்கினர். இரண்டு முனையங்கள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஒவ்வொன்றும் தற்செயலாகத் தெரிந்தெடுத்த நேரம் காத்திருந்து மீண்டும் பேசும். பின்னர் ஈதர்நெட்டில், ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தின் வரம்பை இரட்டிப்பாக்கும் முறை வந்தது. 1 நொடி, 2 நொடி, 4, 8 என்று விலகிப் போவது. அதிலும் அனைவரும் எட்டாம் நொடியில் ஒன்றாகத் திரும்பி வராதபடி சிறிது முன்பின்னாகச் சிதறி வருவது. நல்ல ப்ராக்ஸி அமைப்பில் இந்த இரண்டும் இருக்கும். கூடவே, பிழை தந்த சர்வரைச் சிறிது நேரம் ஓய்வில் விடும் ஏற்பாடும் இருக்கும். என்ஜின்எக்ஸின் இயல்பு அமைப்பில் ஒரு தோல்விக்குப் பின் 10 நொடிகள் அந்தச் சர்வரிடம் எவரையும் அனுப்புவதில்லை. ‘இத்தனை நொடி கழித்து வா’ என்று சர்வரே சொல்லி அனுப்பும் குறிப்பும் இணைய நெறிமுறையில் உண்டு. கேட்பவர் அதை மதிக்க வேண்டும், அவ்வளவே.

அந்த ஏப்ரல் மாத இறுதியிலேயே என்பிசிஐ வங்கிகளுக்குப் புதிய அறிவுறுத்தல் அனுப்பியது. பரிவர்த்தனை தொடங்கி 90 நொடிகள் கழிந்த பின்பே முதல் முறை நிலை கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 3 முறை. குறிப்பிட்ட சில பிழைக் குறிகள் வந்துவிட்டால் அதைத் தோல்வியென்றே கொண்டு கேட்பதை நிறுத்திவிட வேண்டும். ஜூன் 16 முதல் பணம் செலுத்தும் கட்டளைக்குப் பதில் தரும் கால வரம்பு 30 நொடியிலிருந்து 15 ஆகவும், நிலை அறியும் கேள்விக்கு 30இலிருந்து 10 ஆகவும் குறைந்தது. இந்த நேரக் குறைப்பை அவசரமென்று எண்ணிவிட வேண்டாம். உள்ளிருப்பவர் 30 நொடி எடுத்துக்கொண்டு, வெளியில் நிற்பவர் 20 நொடியில் பொறுமையிழந்தால், முதல் கேள்விக்குப் பதில் தயாராகும்போதே இரண்டாவது கேள்வி உள்ளே நுழைந்துவிடும். இருவர் கடிகாரமும் ஒத்துப்போவது மறுமுயற்சியின் எண்ணிக்கையைவிட முக்கியம் என்பது எங்கள் எண்ணம்.

செம்பூர் ஓய்வூதியரின் நாற்பது முறைக்கு இப்போது வருவோம். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் 24 மணி நேரத்தில் 50 முறைதான் இருப்புத் தொகை பார்க்க முடியும். அவர் வரம்புக்குள்தான் இருந்திருக்கிறார் என்று சொன்னோம், மகிழ்ந்தார். அதற்கு ஈடாக, ஒவ்வொரு வெற்றிகரமான பரிவர்த்தனையின் அறிவிப்புடனும் இருப்புத் தொகையை வங்கியே தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. மாதத் தவணைகள், சந்தாக்கள் போன்ற தானியங்கிக் கொடுப்பனவுகளும் நெரிசல் நேரங்களான காலை 10 முதல் பகல் 1 வரையிலும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையிலும் எடுக்கப்படாமல் தள்ளிவைக்கப்படுகின்றன. ஒரு முயற்சி, அது தவறினால் மேலும் 3. அதற்கு மேல் இல்லை. தவணை நாளன்று காலையில் பணம் கழியவில்லையே என்று பதறி, கையால் தனியே செலுத்திவிடாதீர்கள். இரவில் தானாகவும் கழிந்து, அண்ணாச்சியின் நிலைமை உங்களுக்கும் வரலாம்.

பூக்கார அம்மாளுக்கும் ஓய்வூதியருக்கும் பாதுகாப்பாக நின்றது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. தனிநபருக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து பெறுபவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதில் கடைக்கு உறுதிச்செய்தி சேராவிட்டால் 5 நாட்கள் அவகாசம். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீட்டை, நீங்கள் புகார் கொடுக்காமலேயே வங்கி தர வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த நாட்கள் நாட்காட்டி நாட்கள்; வங்கி விடுமுறை கணக்கில் கழிக்கப்படுவதில்லை. ஆகவேதான் கிளை பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமையே செம்பூருக்குப் பணம் திரும்பிற்று. தீர்வு கிடைக்காதவர்கள் வங்கியில் எழுத்துமூலம் புகார் செய்து, 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவளிக்கவில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். வழிகாட்டக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14448.

அண்ணாச்சிக்கு இந்தச் சுற்றறிக்கையில் இடமில்லை. அதை அவரிடம் சொல்வதுதான் அன்று எங்களுக்குக் கடினமாக இருந்தது. அவருடைய இரண்டு கொடுப்பனவுகளும் வெற்றி பெற்றவை. தோல்வியடைந்த பரிவர்த்தனைக்குத்தான் தானாகத் திரும்பும் உரிமை. இரண்டாவது தொகை இப்போது மொத்தக் கடைக்காரரின் கணக்கில் முறையாக வரவாகியுள்ள பணம். அதை நாங்கள் அங்கிருந்து எடுக்க முடியாது. அவர்தான் மனமுவந்து தர வேண்டும். முதல் முறை ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று வந்தபோது அவர் செய்திருக்க வேண்டியது, செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் வரலாற்றைத் திறந்து, அடையாள எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி, மாலைவரை தவணை கேட்பதுதான். கையில் ரொக்கம் இருந்தால்கூட, முதல் கொடுப்பனவின் முடிவு தெரியும்வரை அதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தே தீர வேண்டியிருந்தால், முதல் தொகை வந்து சேர்ந்தால் திருப்புவதாகக் கடைக்காரரிடம் ரசீதின் பின்புறம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

“அடுப்புல வச்ச கொப்பரையைத் தொறந்து தொறந்து பாத்தா ஆவி போயி இட்லி வேகாதுன்னு எங்கிட்ட வேலை பாக்குற பயலுவளுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன் சார். போனுல அது தோணல” என்றார்.

இரண்டு அடையாள எண்களையும், இரு தொகைகளும் சேர்ந்த நேரங்களையும் கணக்கு அறிக்கையில் குறித்து, கிளை முத்திரையிட்டு அவரிடம் கொடுத்தோம். மொத்தக் கடைக்காரர் தம் கணக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டார். ரொக்கமாகத் திருப்பவில்லை, மே மாத நடுவரை எடுத்த உளுந்திலும் அரிசியிலும் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டார்கள். இடைப்பட்ட அந்த நான்கு வாரங்களும் அண்ணாச்சி எங்கள் கிளையில் வைத்திருந்த சிறுசேமிப்பிலிருந்து எடுத்துத்தான் எரிவாயு உருளைக்குப் பணம் கட்டினார்.